சுகந்தி எழுதிய கென்கி காலம்

நவம்பர், சனிக்கிழமை. காலை 6.20.

தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் மன்னார்குடி வண்டி புறப்படத் தயாராக நின்றது. முந்தின நாள் மாலையே தஞ்சாவூர் வந்து, பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஓர் அறை எடுத்திருந்தேன். பெரிய கோயிலுக்குப் போனேன். மழை பிடித்துக்கொண்டதால் விமானத்தை அண்ணாந்து பார்க்க முடியவில்லை. நந்தி மண்டபத்தில் ஒதுங்கி நின்ற கூட்டத்தோடு நானும் நின்றுவிட்டுத் திரும்பினேன். ஊர் பார்க்க வந்தவளுக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும். நான் வந்தது ஊர் பார்க்க அல்ல.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டுகளாக ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். அங்கிருந்து வரும் பொறியாளர்கள் பேசுவதை இங்கிருப்பவர்களுக்குச் சொல்வதும், இவர்கள் பேசுவதை அவர்களுக்குச் சொல்வதும் என் வேலை. இரண்டு மாதத்துக்கு முன் மாரிமுத்து என்பவர் என்னை அழைத்தார். வேதாரண்யம் பக்கத்து விவசாயி. அவருடைய மகள் சுகந்தி நர்சிங் முடித்து, சென்னையில் ஏழு மாதம் ஜப்பானிய மொழி படித்து, அந்த நாட்டில் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளராக வேலைக்குப் போனவள். ஜனவரியில், பனி பெய்த ஒரு காலை, சைக்கிளில் வேலைக்குப் போகும் வழியில் கார் வழுக்கி மோதி இறந்துவிட்டாள். வயது இருபத்தேழு. ஒரு வெள்ளைக் குடுவையில் சாம்பலும், ஓர் அட்டைப்பெட்டியில் துணிமணிகளும், இரண்டு நோட்டுகளும் வந்தன. நோட்டு முழுக்க ஜப்பானிய எழுத்து. மகள் படித்த இடத்தில் கேட்டு என் எண்ணை வாங்கியிருந்தார்.

அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பக்கம் கலங்கலாக இருந்தது. ஏதோ பாடக்குறிப்பு மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

"போன்ல வேணாம் மேடம். நேர்ல வந்து முழுசா வாசிச்சுச் சொல்லுங்க. நோட்டை தபால்ல போட எனக்கு மனசு வரல. நடுவுல எதையும் விட்டுட்டுச் சொல்லிட மாட்டீங்கல்ல?"

விட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் இந்தப் பயணம்.

காலை 7.45. மன்னார்குடி.

தஞ்சாவூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கட்டணம் முப்பத்தொரு ரூபாய். வடுவூர் ஏரியைக் கடக்கும்போது பறவைகள் தெரியும் என்று நடத்துநர் காட்டினார். மழைத்திரையில் வெள்ளை வெள்ளையாகச் சில புள்ளிகள்தாம் தெரிந்தன. சாலையின் இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்த வயல்கள். சில இடங்களில் பயிர் பச்சையாக நின்றது. சில இடங்களில் பயிரே தெரியாமல் வெறும் தண்ணீர்.

மன்னார்குடியில் வண்டி மாறினேன். திருத்துறைப்பூண்டி வரை ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். பக்கத்தில் கூத்தாநல்லூர்க்கார அம்மா ஒருவர் உட்கார்ந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சுகந்தியைப் பற்றிச் சொன்னேன்.

"என் மவன் துபாய்ல பதினோரு வருஷமா இருக்கான். தினமும் மத்தியானம் லுஹர் தொழுதுட்டு போன் பண்ணுவான். அஞ்சு நிமிஷம் லேட்டானாலும் எனக்கு நெஞ்சு அடைச்சுக்கும். சண்டை போட்டாலும் பேசிக்கிட்டே சண்டை போடுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

பாமணியில் அவர் இறங்கிப் போனார். இறங்கும்போது, "அந்தப் புள்ளையோட உம்மாகிட்ட நான் துஆ செய்யுறேன்னு சொல்லுங்க" என்றார். பெயர் கேட்டேன். "பேரு எதுக்கு" என்று சொல்லிவிட்டார்.

காலை 10.10.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் வண்டியில், வேதாரண்யத்துக்கு ஒன்பது கிலோமீட்டர் முன்பாக இறங்கினேன். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று மாரிமுத்து கேட்டுக்கொண்டிருக்கிறார். தென்னந்தோப்புகள் இருந்த இடங்களில் புயல் முறித்த அடிமரங்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. நடுவே புதிதாக வைத்த கன்றுகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன. காற்றில் உப்பு வாடை.

நிறுத்தத்தில் மாரிமுத்து மொபெட்டோடு நின்றிருந்தார். அறுபதைத் தாண்டியவர், ஒல்லி. சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று பிதுங்கிக்கொண்டிருந்தது.

"வாங்க மேடம். மழையில அலைய விட்டுட்டேன்."

வழியில் வயல்களைக் காட்டினார். அவருடைய அப்பா இதே வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர். இப்போது அதில் ஒன்றரை ஏக்கர் இவருக்குச் சொந்தம். மகளைப் படிக்க வைத்ததும் அந்த ஒன்றரை ஏக்கர்தான் என்றார்.

வீட்டு வாசலில் அவர் மனைவி அஞ்சம்மாள் என் கைகளைப் பிடித்துக்கொண்டார். கூத்தாநல்லூர் அம்மா சொன்னதைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

கூடத்தில் பாய் விரித்து, நோட்டுகளை ஒரு துண்டின் மேல் வைத்திருந்தார்கள். மாரிமுத்து பையிலிருந்த காகிதத்தை எடுத்தார். அது கலெக்டருக்கு எழுதிய மனு. தட்டச்சு செய்து கையெழுத்தும் போட்டிருந்தார். இன்னும் கொடுக்கவில்லை.

"கம்ப்யூட்டர் சென்டர்ல ஒரு தம்பி போன்ல படம் புடிச்சு தமிழ்ல மாத்திக் குடுத்துச்சு. இதைப் பாருங்க."

மனுவின் பின்பக்கம் பேனாவால் எழுதியிருந்தார்: 'அவர்கள் மலையை எரித்தனர். பெண்கள் ஓடினர். குழந்தைகளையும் விடவில்லை. ஆமை தொடங்கியது.'

"ஆமைன்னா என்னன்னு புரியல. மத்தது புரியுது. எம் பொண்ணு எதையோ பாத்திருக்கா. அதை எழுதி வச்சிருக்கா. அதுக்கப்புறம் கார் வந்து மோதியிருக்கு. தானா மோதுச்சா மேடம்?"

மாதக்கணக்கில் அந்த மனிதர் அந்த நான்கு வரியோடு வாழ்ந்திருக்கிறார். நான் முதல் நோட்டைத் திறந்தேன்.

காலை 10.40 முதல்.

முதல் பக்கத்திலேயே தலைப்பு. 'கென்கி காலம்' என்று சுகந்தி எழுதியிருந்தாள். அதை யாரோ நடுங்கும் கையால் சிவப்பு மையில் அடித்துத் திருத்தியிருந்தார்கள். ஜப்பானிய மொழி படிக்கப் போகிறவர்கள் முதல் நாளே கற்றுக்கொள்ளும் சொல் கென்கி. நலம் என்று பொருள். சுகந்தி அந்த நலத்தின் எழுத்துகளையே எழுதிவிட்டாள். திருத்தியவர் எழுதியது அதே ஒலியுள்ள வேறு எழுத்துகள். ஆதி ஆமை என்று அவற்றுக்குப் பொருள் சொல்லலாம்.

"ஐயா, ஆமை இதுதான். இது ஒரு காலத்தோட பேரு. 1570லேர்ந்து 1573 வரைக்கும். மூணு வருஷமும் சில மாசமும்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வாசித்தேன். சுகந்தி பார்த்துக்கொண்ட முதியவர்களில் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் இருந்தார். மொழித் தேர்வுக்குப் பயிற்சியாக, தினமும் தம்முடைய ஊர்க்கதையைக் கொஞ்சம் சொல்வார். அவள் எழுதி வர வேண்டும். அவர் திருத்துவார். பாடம் இப்படித் தொடங்கியது:

'ஜப்பானில் பேரரசர் ஆண்டுகளுக்குப் பெயர் சூட்டுவார். நல்லது நடந்தால் சூட்டுவார். கெட்டது நடந்தால், அது போகட்டும் என்று புதுப் பெயர் சூட்டுவார். அந்தச் சமயம் பிரபுக்கள் ஒருவரோடு ஒருவர் போர் செய்துகொண்டிருந்தார்கள். பேரரசரிடம் படை இல்லை. பெயர் இருந்தது.'

மலையை எரித்த பக்கம் பதினேழாவது நாள் பாடம். அந்த முதியோர் இல்லம் பிவா ஏரிக்கரையில் சகமோட்டோ என்ற ஊரில் இருந்தது. அதற்கு மேலே ஹியேய் மலை. கென்கியின் இரண்டாம் ஆண்டில் ஒரு பெரிய பிரபு, தன் எதிரிகளுக்கு இடம் கொடுத்தார்கள் என்று அந்த மலையின் மடங்களைக் கொளுத்தினார். அடிவாரத்து ஊரும் எரிந்தது. மலைக்கு ஓடியவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள்.

"இது எப்ப நடந்ததுங்க?"

"நானூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி."

"சுகந்தி இதைப் பாக்கல."

"பாக்கல ஐயா. பாடமா எழுதியிருக்காங்க. தப்பே இல்லாம எழுதியிருக்காங்க. பெரியவர் சிவப்பு மையில வட்டம் போட்டிருக்கார். அங்க அப்படிப் போட்டா சரின்னு அர்த்தம்."

அவர் மனுவை எடுத்தார். நான்காக, எட்டாக மடித்து, என்ன செய்வது என்று தெரியாமல் பாயின் அடியில் வைத்தார். "அப்ப அது வெறும் விபத்துதான்" என்றார். நிம்மதி என்று அதைச் சொல்ல முடியாது. இத்தனை மாதமாகக் கோபத்தை வைக்க ஓர் இடம் இருந்தது. அதை நான் எடுத்துவிட்டேன்.

மேலே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். எதிரியின் வயலில் நின்ற நெல்லை அறுத்துக்கொண்டு போவதற்கென்றே அந்தக் காலத்தில் ஒரு சொல் இருந்தது என்று ஒரு பக்கம். ஓரத்தில் சுகந்தி பேனாவால் ஓர் அரிவாள் வரைந்திருந்தாள்.

"வெளஞ்சதையா, பச்சையவா?"

"பச்சையையும்தான்."

"பச்சையில அறுத்தா அவனுக்கும் ஒண்ணுமில்லையே" என்றார். பிறகு, "அந்த மூணு வருஷம் நடவு நடந்துச்சான்னு எழுதியிருக்கா?" என்று கேட்டார். அதைப் பற்றி எதுவும் இல்லை.

அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அஞ்சம்மாள், "சாப்பாட்டைப் பத்தி ஏதாச்சும் இருக்காம்மா? ஒழுங்கா சாப்புட்டாளா?" என்றார்.

"இல்லம்மா. எல்லாம் பாடமா இருக்கு."

முதல் நோட்டு முடிந்தபோது பன்னிரண்டரை. மாரிமுத்து அதுவரை கேட்காததை அப்போது கேட்டார்.

"எங்களைப் பத்தி ஒரு எடத்துலயும் வரலியா மேடம்?"

வரவில்லை என்றேன். அவர் சொல்லத் தொடங்கினார். சுகந்தி இறப்பதற்கு எட்டு மாதம் முன்பு, கல்யாணம் பேசியிருக்கிறேன், வந்துவிடு என்று மகளைக் கூப்பிட்டிருக்கிறார். ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருக்கிறது, பரீட்சை இருக்கிறது என்று அவள் மறுத்திருக்கிறாள்.

"இனிமே எனக்குப் போன் பண்ணாதன்னு சொன்னேன். கோவத்துல சொன்னது. அவ பண்ணல. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே புடிவாதம். அவ அம்மாகிட்ட பேசும்போது நான் எந்திரிச்சு வெளில போயிடுவேன்."

"நான் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவேன்" என்றார் அஞ்சம்மாள். "அவளுக்கும் தெரியும் அது."

மதியம் 1.30.

சாப்பிட்டோம். சோறும் மீன் குழம்பும். வெளியே மழை வலுத்தது. மாரிமுத்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, வயலில் தண்ணீர் வடிகிறதா என்று பார்க்கப் போய்த் திரும்பி வந்தார். கால் சேற்றைக் கழுவிவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்தார்.

இரண்டாவது நோட்டில் கையெழுத்து வேகம் எடுத்திருந்தது. சிவப்பு மை குறைந்திருந்தது. நடுவில் ஒரு பக்கம் மட்டும் சரித்திரம் அல்ல. உங்கள் ஊரில் ஆண்டுகளுக்கு எப்படிப் பெயர் வைப்பார்கள் என்று பெரியவர் கேட்டிருக்கிறார். அவள் பதில் எழுதியிருந்தாள்.

'எங்கள் ஊரில் பேரரசர் இல்லை. ஆனால் ஆண்டுகளுக்குப் பெயர் உண்டு. தென்னை விழுந்த ஆண்டு, புயல் ஆண்டு. ஆறு வராத ஆண்டு, நண்டு ஆண்டு என்று…'

அங்கே நிறுத்திவிட்டேன். இதை விளக்க வேண்டும். ஜப்பானிய மொழியில் வினைச்சொல்லைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. சொன்னது அப்பாவா, அம்மாவா, ஊராரா, அந்தச் சொல் காட்டாது. தமிழில் அப்படி விட முடியாது. சொல்வான், சொல்வாள், சொல்வார் என்று எங்கேயாவது முடித்தாக வேண்டும். எனக்கு எதிரில் ஒரு தகப்பன் உட்கார்ந்திருந்தார். 'அப்பா சொல்வார்' என்று நான் வாசித்தால் அது பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. தொழிற்சாலையில் இதைவிடப் பெரிய இடைவெளிகளை எத்தனையோ முறை நிரப்பியிருக்கிறேன்.

விட்டுச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள், சேர்த்தும் சொல்லக் கூடாது என்று தோன்றியது. "நண்டு வருஷம்னு சொல்வாங்க" என்று வாசித்தேன்.

"யாரு சொல்வாங்க?"

"அது எழுத்துல இல்லைங்க. பெரியவருக்கும் இந்த எடம் புரியல போல. கேள்விக்குறி போட்டிருக்கார். அவங்க ஊர்ல வருஷத்துக்கு எலி, புலி, பாம்புன்னு பன்னெண்டு மிருகம் உண்டு. அதுல நண்டு கெடையாது. சுகந்தி ஏதோ தப்பா எழுதிட்டாங்கன்னு நினைச்சிருப்பார். எனக்கும் அப்படித்தான் தோணுது."

அஞ்சம்மாள் அடுக்களையிலிருந்து வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"தப்பில்லம்மா. சுகந்தி ரெண்டாவது படிக்கும்போது ஆத்துல தண்ணியே வரல. வேலையும் இல்ல. இவரு உப்பங்கழிக்குப் போயி நண்டு புடிச்சாந்துதான் சோறு. ஊர்ல எல்லாரும் அதைப் பஞ்ச வருஷம்னுதான் சொல்லுவாங்க. நண்டு வருஷம்னு இவரு ஒருத்தருதான் சொல்லுவாரு. வேற யாரு வாய்லயும் அது வராது."

மாரிமுத்து நோட்டைத் தம் பக்கம் திருப்பினார். எந்த எழுத்து நண்டு என்று கேட்டார். காட்டினேன். பல கோடுகள் நெருக்கமாக உள்ள சிக்கலான எழுத்து அது. அதன் மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அழவில்லை. பிறகு எழுந்து, வாசலைத் தாண்டி, மழையில் போய் நின்றார். அவர் மனைவி கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மாலை 3.40.

அவர் வந்ததும் மீதியை வாசித்தேன். கடைசிப் பாடம் விபத்துக்கு இரண்டு நாள் முன்பு எழுதியது. பெரிய பிரபு, பேரரசர் பெயரில் நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனைத் தலைநகரிலிருந்து விரட்டினார். விரட்டிய சில நாட்களிலேயே ஆண்டின் பெயரை மாற்றும்படி பேரரசரிடம் கேட்டார். பெயர் மாறியது. கென்கி முடிந்தது.

"பேரை மாத்துனதும் சண்டை நின்னுச்சா?"

"இல்லைங்க. அப்புறமும் பல வருஷம் நடந்துச்சு."

அவர் தலையை ஆட்டினார். அதன் பிறகு வெற்றுப் பக்கங்கள். அவற்றையும் ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டச் சொன்னார். காட்டினேன். நாற்பத்திரண்டு பக்கம்.

நண்டு வரும் பக்கத்தை மட்டும் தமிழில் எழுதிக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். 'சொல்வாங்க' என்ற இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"அவ எழுதுன மாதிரியே இருக்கட்டும்" என்றார் மாரிமுத்து.

மாலை 5.05.

நிறுத்தத்துக்கு மொபெட்டில் கொண்டுவந்து விட்டார். மழை தூறலாகிவிட்டது. திருத்துறைப்பூண்டி வண்டி தாமதம். எதிரில் டீக்கடை இருந்தது. குடித்தோம். இரண்டு டீ இருபத்துநான்கு ரூபாய், என்னைக் கொடுக்க விடவில்லை.

வயலைப் பார்த்துக்கொண்டே அவர் பேசினார்.

"அந்த வருஷந்தான் மேடம், நான் அவளை அடிச்சேன். ஒரே ஒரு தடவ. நண்டுச் சோறு வேணாம்னு தட்டைத் தள்ளிட்டா. தெனம் அதேதானே, கொழந்தைக்கு வெறுக்காதா? நான் அடிச்ச அடியில காது வீங்கிப்போச்சு. ரெண்டு நாள் பள்ளிக்கூடம் போகல."

டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அதை எழுதியிருக்காளா?"

"இல்லைங்க."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன் ஐயா. எல்லாப் பக்கமும் நீங்களும் பாத்தீங்க. அது இல்ல."

"அதையும் எழுதியிருக்கலாம்" என்றார். "எழுதியிருந்தா, மறக்கலேன்னாவது தெரிஞ்சிருக்கும். இப்ப மறந்துட்டாளா, மன்னிச்சுட்டாளா, என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வண்டி வந்தது. என் பையை வாங்கிப் படியில் வைத்தார். நான் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார். மழையில் நனைந்ததால் அது கிளம்பவில்லை. தள்ளிக்கொண்டே போனார்.

திருத்துறைப்பூண்டி வரை இருபத்தெட்டு ரூபாய். சன்னலுக்கு வெளியே வயலும் தண்ணீரும் ஒரே நிறமாகிக்கொண்டிருந்தன. சென்னையில் எங்கள் வீட்டில் ஆண்டுகளுக்கு எண் மட்டும்தான். எந்த ஆண்டு என்ன விளைந்தது, ஆறு வந்ததா என்று கேட்டால் எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் எந்த ஆண்டு யாரோடு பேசுவதை நிறுத்தினேன் என்று எண்ணிப் பார்த்தபோது, எனக்குத் தயக்கமில்லாமல் விடை வந்தது. இரண்டு பேர். ஒருவர் என் தம்பி. அவன் எண் இன்னும் என் போனில் இருக்கிறது. மற்றவர் இப்போது உயிரோடு இல்லை. அவர் எழுதி வைத்த நோட்டு எதுவும் இருப்பதாகவும் எனக்குத் தெரியவில்லை.